கத்தார் உலகக்கோப்பை: கைப்பட்டையும் இறப்புச் சான்றிதழும்

2022 கத்தார் உலகக்கோப்பையின் மனித உரிமைச் சர்ச்சை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கேப்டன்களின் கைப்பட்டைதான். இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் தன்பாலீர்ப்பினர் உட்பட யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் 'ஒன் லவ்' பட்டையோடு கேப்டன்களை இறக்க முடிவு செய்திருந்தன. அபராதம் விதித்தால் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நவம்பர் 21 அன்று, இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, பட்டையோடு வந்தால் மஞ்சள் அட்டை என்ற எச்சரிக்கை ஃபிஃபாவிடமிருந்து வந்தது. ஏழு சங்கங்களும் பின்வாங்கின.

அபராதத்தைச் சங்கம் கட்டும். மஞ்சள் அட்டை விழுவதோ ஆட்டக்காரர் தலையில். இன்னொரு மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. போராட்டத்தின் விலையைச் சங்கத்திடமிருந்து கேப்டனுக்கு மாற்றியதும் எல்லாம் அடங்கிவிட்டது. ஈரான் ஆட்டக்காரர்களோ, தங்கள் நாட்டில் அரசுக்கு எதிராக நடந்த போராட்டங்களுக்கு ஆதரவாக, அதே நாளில் தங்கள் தேசிய கீதத்தின்போது வாய் திறக்காமல் நின்றார்கள். ஊர் திரும்பினால் என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் செய்தது அது. மஞ்சள் அட்டைக்கு அஞ்சியதை அதோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் பட்டையைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே இறந்த தொழிலாளியின் சான்றிதழில் 'இறப்புக்கான காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் என்பது.

'கார்டியன்' நாளிதழ் 2021 பிப்ரவரியில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010 முதல் 2020 வரை கத்தாரில் இறந்தவர்கள்: இந்தியர் 2,711, நேபாளியர் 1,641, வங்கதேசத்தவர் 1,018, பாகிஸ்தானியர் 824, இலங்கையர் 557. கூட்டினால் 6,751. இது மைதானம் கட்டும்போது இறந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. ஓட்டுநர், காவலாளி, அலுவலக ஊழியர் என அந்த ஐந்து நாட்டவர் எல்லோரும் இதில் அடக்கம். '6,500 பேர் மைதானம் கட்டிச் செத்தார்கள்' என்று பதாகை பிடித்தவர்கள் நல்ல நோக்கத்தோடு தவறான வாக்கியத்தை எழுதினார்கள். அந்தத் தவறைச் சுட்டிக்காட்டியே கத்தார் தரப்பு முழுக் கேள்வியையும் தட்டிக்கழித்தது.

உலகக்கோப்பை ஏற்பாட்டுக் குழு மைதானப் பணிகளுக்குச் சொன்ன கணக்கு, வேலை தொடர்பான மரணம் 3, வேலை தொடர்பற்றது 37. குழுவின் தலைமைச் செயலர் ஹசன் அல் தவாடி, போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், உலகக்கோப்பை தொடர்பான பணிகள் அனைத்திலும் சேர்த்து 400 முதல் 500 வரை இருக்கலாம் என்றார். 2020இல் மட்டும் பணியிடத்தில் 50 பேர் இறந்ததாகவும் 500க்கும் மேற்பட்டோர் கடுமையாகக் காயமடைந்ததாகவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் அறிக்கை சொன்னது.

மூன்றிலிருந்து ஆறாயிரம் வரை எண் இப்படி அலைபாயக் காரணம் வெறும் அரசியல் அல்ல. சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் அது பணியிட விபத்து. பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, இரவு அறையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால்? 'இயற்கை மரணம், மாரடைப்பு, மூச்சு நின்றது.' கார்டியன் பார்த்த தரவுகளில் இந்தியர்களின் மரணங்களில் 80 சதவீதம் 'இயற்கை' என்ற பெயரில் பதிவாகியிருந்தது. மூச்சு நின்றது என்பது மரணத்தின் விளைவு, அது எப்படிக் காரணமாகும்? குற்றச் சந்தேகமோ முன்பே இருந்த நோய் பற்றிய சந்தேகமோ இல்லாத திடீர் மரணங்களில் பிரேதப் பரிசோதனைக்குக் கத்தார் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதை மாற்றச் சொல்லி, கத்தார் அரசே அமர்த்திய சட்ட நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. இதயம் நின்ற மரணங்களை ஆய்வு செய்யவும் சொன்னது.

வெயிலுக்கும் இந்த மரணங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2019இல் ஓர் ஆய்வு பார்த்தது. 2009 முதல் 2017 வரை இதயக் கோளாறு என்று பதிவான 571 நேபாளத் தொழிலாளர் மரணங்களில் 200 வரை, முறையான வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அன்றைய விதி, ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய பகல் 11.30 முதல் 3 மணி வரை மட்டும் வெளிவேலையைத் தடுத்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்த விதி அது. தோஹாவில் ஆளைச் சாய்ப்பது வெயிலும் கடல் புழுக்கமும் சேர்ந்துதான். வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. 2021இல்தான் விதி மாறியது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. அதோடு ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்தம். நல்ல விதி. போட்டியை நடத்தும் உரிமை கிடைத்துப் பத்தாண்டு கழித்து வந்தது.

இனிப் பணக் கணக்கு. வேலையால் நேர்ந்த மரணம் என்றால் கத்தார் சட்டப்படி குடும்பத்துக்கு 2,00,000 ரியால், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 லட்சம் ரூபாய். 'இயற்கை' என்றால் அது கிடையாது. குடியேற்ற அனுமதி வாங்கிச் செல்லும் இந்தியத் தொழிலாளிக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டின் 10 லட்சமும் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சான்றிதழில் எழுதிய அந்த ஒற்றை வரி இரு நாட்டிலும் கதவைச் சாத்திவிடுகிறது.

குடும்பத்துக்கு மிஞ்சுவது கடன். ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது கத்தார் சட்டம். இந்தியாவிலோ முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம். நடைமுறையில் ஒன்றரை லட்சம் கேட்டால் ஆச்சரியப்பட ஆளில்லை. மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 வட்டிக்கே போகும். 2021இல் வந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், அதாவது 22,000 ரூபாய்ச் சொச்சம். வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று 2020இல் சட்டம் வந்தும் பலர் அசையாமல் இருந்ததற்கு இந்தக் கடன் ஒரு காரணம். இன்னொன்று, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பதும் 'ஓடிப்போனார்' என்று புகார் கொடுப்பதும் முதலாளி கையிலேயே இருந்தது.

பரிசுத் தொகைக்கு நிகராக 44 கோடி டாலரைத் தொழிலாளர் இழப்பீட்டுக்கு ஒதுக்கும்படி 2022 மே மாதம் ஆம்னஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சும் இன்னும் சில அமைப்புகளும் ஃபிஃபாவைக் கேட்டன. நான்காண்டில் 750 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்த அமைப்பு அது. 2024 நவம்பரில் 5 கோடி டாலர் நிதி அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, ஐநா அகதிகள் ஆணையம் ஆகியவற்றோடு சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கு. தொழிலாளர்களுக்குப் பயன்படுத்துங்கள் என்று ஃபிஃபாவின் சொந்தத் துணைக்குழுவே எழுதிக் கொடுத்திருந்தது. அதைப் படித்தபின் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த மாதமே, டிசம்பர் 11 அன்று, 2034 போட்டியைக் கைதட்டிச் சவூதிக்குக் கொடுத்தார்கள். மனித உரிமை அபாயம் 'நடுத்தரம்' என்றது ஃபிஃபாவின் மதிப்பீடு. திட்டமிட்ட 15 மைதானங்களில் 11 புதிதாகக் கட்டப்பட வேண்டியவை. கோடையில் அங்கே வெளிவேலைத் தடை பகல் 12 முதல் 3 வரை மட்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்கும் அதே பழைய விதி.

கைப்பட்டைக்கு ஏழு சங்கங்கள் கூடியதுபோல, திடீர் மரணம் ஒவ்வொன்றுக்கும் பிரேதப் பரிசோதனை என்ற ஒரே கோரிக்கைக்குக் கூடினால் போதும் என்பேன். அதுவரை குடும்பங்கள் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. உடலுக்குப் பதப்படுத்தும் திரவம் ஏற்றிவிட்டால் பிறகு ஊரில் பரிசோதித்தும் பல தடயங்கள் கிடைக்காது. ஆகவே காரணத்தை விசாரிக்கும்படி தூதரகத்துக்கு அதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுத்துமூலமாகக் கேளுங்கள். கூட வேலை செய்தவர்களிடமிருந்து கடைசி ஒரு வார வேலை நேரப் பதிவு, படங்கள், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை உடனே வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். முகாம் மாறினால் ஆள் கிடைக்க மாட்டார். அரபியில் உள்ள 'பாக்கி எதுவும் இல்லை' கடிதத்தில் மொழிபெயர்ப்பு பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கத்தாரில் இழப்பீடு கோரும் உரிமை ஓராண்டில் காலாவதியாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் வாரமே வேலையைத் தொடங்குங்கள்.