மின்சாரம் போனால் அரிசி மூட்டை உதவாது

2024 இலையுதிர்காலத்தில் நோர்வேயில் வீட்டுக்கு வீடு ஒரு சிறிய கையேடு தபாலில் வந்தது. அனுப்பியது டி.எஸ்.பி. என்று இங்கே சொல்லப்படும் குடிமக்கள் பாதுகாப்பு இயக்ககம். 2018இல் வந்த கையேடு, நெருக்கடி வந்தால் மூன்று நாள் தாக்குப்பிடிக்கச் சொன்னது. இது ஒரு வாரம் என்றது. புயல், பெருந்தொற்று, நாசவேலை என்று போன பட்டியலின் கடைசியில் போரும் இருந்தது.

பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் அதைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் அப்படி முடியவில்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடு இரவாக நடந்தவர்களுக்கு அரசாங்கம் அனுப்பிய தாளில் போர் என்ற சொல்லைக் கண்டால் வேறு மாதிரித்தான் இருக்கும். அம்மா உடனே கேட்டது, "பிள்ளை, பாஸ்போட்டும் நகையும் ஒரே பையிலைதானே கிடக்கு?" சில வீடுகளில் மா மூட்டையாக வந்து இறங்கியது. சிலர் இணையத்தில் ஆயத்தப் பைகளை வாங்கினார்கள். அதற்குள் இருப்பதில் பாதி வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாமான்.

நான் அம்மாவிடம் போரைப் பற்றிக் கதைக்கவில்லை. கரண்ட் போவதைப் பற்றி மட்டும் கதைத்தேன். 2007 ஜனவரியில் வடக்கே ஸ்டைகன் என்ற ஊரில் புயலில் மின்கம்பிகள் அறுந்து, ஊர் முழுக்க ஏறத்தாழ ஆறு நாள் இருட்டில் இருந்தது. இங்கே பெரும்பாலான வீடுகளில் சூடாக்குவதும் சமைப்பதும் மின்சாரத்தில்தான். அது நின்றால் கடையில் அட்டை வேலை செய்யாது, கைத்தொலைபேசிக் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நடக்கக்கூடியது இது. இதற்கு ஆயத்தமாக இருந்தால் மற்றவற்றில் முக்கால்வாசிக்கும் ஆயத்தம்தான்.

சாப்பாட்டில் எங்களுக்குக் குறையில்லை என்றுதான் எல்லாத் தமிழ் வீடும் நினைக்கும். பெரிய அரிசி மூட்டை, பருப்பு, மிளகாய்த்தூள், உறைபெட்டி நிறைய மீன். ஆனால் மின் அடுப்பு நின்றால் அரிசியும் பருப்பும் வெறும் தானியம். உறைபெட்டி மீன் ஓரிரு நாளில் இளகத் தொடங்கும். அதனால் நான் பார்த்தது ஒன்றைத்தான்: சமைக்காமல் எதைச் சாப்பிடலாம்? அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சீனி போட்டால் காலைச் சாப்பாடு. க்னெக்கபுறோட் என்ற மொறுமொறுப்பான காய்ந்த ரொட்டி, தக்காளிச் சாற்றில் போட்ட கானாங்கெளுத்தி மீன்பேணி, கச்சான், பேரீச்சம்பழம், பேணியில் வரும் கொண்டைக்கடலை. இவற்றில் நாங்கள் வழமையாகத் தின்னாதது எதுவும் இல்லை. வாராந்தக் கடைக்குப் போகும்போது ஏதாவது ஒன்றை ஒன்றுக்குப் பதில் இரண்டாக எடுப்பேன். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்துச் சாப்பிட்டு முடிப்போம். அலுமாரி மெல்ல மெல்ல நிறைந்தது. தனியாகப் பணம் ஒதுக்க வேண்டி வரவில்லை, காலாவதியாகிக் குப்பைக்குப் போனதும் இல்லை.

தண்ணீர்தான் இடத்தைப் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 20 லீற்றர் என்பது கணக்கு. நாலு பேருக்கு 80 லீற்றர். மாடிக்குடியிருப்பில் அதை எங்கே வைப்பது? கட்டில்களுக்குக் கீழேயும் நிலவறைக் களஞ்சியத்திலும் பிரித்து வைத்திருக்கிறோம். போத்தல் தண்ணீர் வாங்கத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரைக் கழுவிய கான்களில் பிடித்து, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். வெறும் சோடாப் போத்தல்களிலும் பிடிக்கலாம். ஆனால் அவற்றைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் சில குறோனர் கிடைக்கும். அந்தச் சில்லறையை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வர நாளாகியது.

குளிருக்கான சாமானை வாங்க வைத்தது பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். நோர்வேயில் பிள்ளை வளர்த்தால் கம்பளி உள்ளாடை, உறங்குபை, தலையில் மாட்டும் விளக்கு, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடும். கரண்ட் போனால் எல்லோரும் ஒரே அறையில் படுத்து, கதவிடுக்கில் துணி அடைப்பது என்பது எங்கள் திட்டம். கரி அடுப்பையோ முகாம் அடுப்பையோ உள்ளே கொளுத்தக் கூடாது. அவற்றிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

வானொலிக்கு மட்டும் காசு கொடுத்தோம். 2017இல் நோர்வே தேசிய வானொலிகளை எஃப்.எம்.மில் நிறுத்திவிட்டதால், ஊரிலிருந்து கொண்டு வந்த பழைய றேடியோ இங்கே அவசரத்துக்கு உதவாது. பற்றரியில் ஓடும் டாப் (DAB) எனப்படும் டிஜிட்டல் வானொலி வேண்டும். அணு விபத்து நடந்தால் விழுங்கும் அயடின் மாத்திரை பற்றியும் பலர் பதறினார்கள். அது பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அரசாங்கம் சொன்னால் மட்டுமே விழுங்க வேண்டும். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கலாம். அம்மாவுக்கு அது தேவையில்லை. அவருக்குத் தேவை, இரத்த அழுத்த மாத்திரையின் கடைசி அட்டை தொடங்குமுன் அடுத்த பெட்டி.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை, நண்பகல் 12 மணிக்குச் சைரன் ஒலிக்கும். 2023 முதல் கைத்தொலைபேசிகளும் சேர்ந்து அலறுகின்றன. அது வெறும் சோதனை. வீட்டில் போரைக் கண்ட முதியவர் இருந்தால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. நாங்கள் அதை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம்.

சரிபார்ப்பதற்கென்று புது நாள் எதையும் வைக்கவில்லை. டிசம்பர் 1 இங்கே புகை எச்சரிப்பான் நாள். அன்றைக்கு எச்சரிப்பானின் பற்றரியைப் பார்க்கும்போதே வானொலியின் பற்றரி, கான் தண்ணீர், உறையில் உள்ள காசு, தாளில் எழுதிய தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். அம்மாவின் பையும் அப்போதுதான் திறக்கும். நகையை வங்கியில் வைக்கச் சொன்னால் இன்னும் கேட்கவில்லை.

இனி எங்களிடம் இல்லாதது முகாம் அடுப்பு ஒன்றுதான். குடியிருப்பின் வசந்தகால டுக்னாட் சிரமதானத்தில் கதைத்தபோது, கீழ்வீட்டுக்காரரிடம் ஒன்று இருப்பது தெரிந்தது. எங்களிடம் அரிசி இருக்கிறது, முற்றத்தில் வைத்துச் சேர்ந்து சமைக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அவருக்கு உறைப்பு ஆகாது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.