வருஷா வருஷம் மோதியே ஆகணும்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு இது புரியும். 2011 தேங்க்ஸ்கிவிங் ராத்திரி, கடைசி செகண்ட்ல ஃபீல்ட் கோல் (பந்தை கம்பத்துக்கு நடுவுல உதைக்கிறது) அடிச்சு டெக்சாஸ் யுனிவர்சிட்டி டீம் 27-25னு டெக்சாஸ் ஏ&எம்மை ஜெயிச்சாங்க, அதோட சரி, ஏ&எம் எஸ்இசிங்கிற வேற லீக்குக்குப் போயிட்டாங்க, அப்புறம் டெக்சாஸும் அதே லீக்ல சேர்ந்து 2024 நவம்பர் வர்ற வரைக்கும் ரெண்டு டீமும் மோதவே இல்ல. ஒரே மாநிலம்ங்க, ரெண்டு மணி நேர டிரைவ் கூட முழுசா இல்ல! இத்தனைக்கும் அந்த வருஷமெல்லாம் ஏ&எம் ரசிகர்கள் தோளோட தோள் கோத்து ஆடிக்கிட்டே டெக்சாஸை வம்புக்கிழுக்கிற அந்தப் பாட்டை எதிர்ல யாரு நின்னாலும் பாடிட்டுதான் இருந்தாங்க, அதை டிவில பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும்.

2026ல இருந்து எஸ்இசில லீக் மேட்ச் 8 இல்ல, 9. மூணு டீம் கூட வருஷா வருஷம், மிச்சம் 6 மேட்ச்சும் மத்த 12 டீம் கூட மாத்தி மாத்தி, அதனால நாலு வருஷத்துக்குள்ள எல்லா ஊருக்கும் ஒரு தடவையாவது போயாகணும். இது எப்பவோ வந்திருக்கணும். 2012ல ஏ&எம் சேர்ந்ததுல இருந்து 2025 வரைக்கும் ஜார்ஜியா லீக் மேட்ச்சுக்கு ஏ&எம் கிரவுண்டுல கால் வெச்சதே இல்ல, அப்புறம் எதுக்கு ஒரே லீக்?

ஒரே வருத்தம், 1964ல இருந்து விடாம நடந்த அலபாமா - எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) மேட்ச் இனி வருஷா வருஷம் கிடையாது. நவம்பர்ல நான் காத்துக்கிட்டு இருக்கிற மேட்ச் அது.