எல்லாவற்றையும் என்றால் எதை? பிலிப்பியரோடு ஒரு வாரம்

பள்ளியில் படிக்கும்போது ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஒரே வசனத்தை எழுதி வைப்பேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பைபிளில் பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வருவது, பிலிப்பியர் 4:13. கணக்கில் பெயிலான வருடமும் கணக்கு நோட்டில் அந்த வசனம் இருந்தது. வசனம் பலிக்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரி விடுமுறையில் ஒரு வார வேத ஆராய்ச்சி வகுப்புக்குப் போனேன். அங்கே எடுத்த புத்தகம் பிலிப்பியர்தான். அதற்கப்புறம் இரண்டு தடவை அதே போன்ற வகுப்பை நானே நடத்தியிருக்கிறேன். முதல் தடவையாகப் போகப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் வரும் ஏமாற்றம் அளவைப் பற்றியது. ஏழு நாளைக்கு நாலே அதிகாரம், 104 வசனம். தினமும் மூன்று அதிகாரம் வாசித்துப் பழகியவனுக்கு இது என்ன பாடம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வகுப்பு நடத்திய அக்கா அதிகார எண், வசன எண் எதுவும் இல்லாமல் கடிதம் முழுவதையும் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். பவுல் எழுதியபோது எண்களே கிடையாது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர். எண் இல்லாமல் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தால் கால் மணி நேரம்தான் ஆகிறது. அன்றைக்குத்தான் அது ஒரு ஆள் இன்னும் சில ஆட்களுக்கு எழுதிய கடிதம் என்றே எனக்கு உறைத்தது. அதுவரை அது வசனம் எடுக்கிற இடமாக மட்டும் இருந்தது.

இரண்டாம் நாள் வெறும் கவனிப்பு. அர்த்தம் சொல்லக்கூடாது, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டோம். சந்தோஷமும் மகிழ்ச்சியும் ஒரு டஜனைத் தாண்டின. "கட்டுகள்" என்ற சொல் முதல் அதிகாரத்திலேயே பல முறை வந்தது. எங்களில் இளையவன் ஒருவன், "பவுலுக்கு எங்கே காயம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைய பேச்சில் கட்டு என்றால் காயத்துக்குப் போடுவதுதானே? பழைய மொழிபெயர்ப்பில் அது விலங்கு, சிறை. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. அதனால் என் முதல் ஆலோசனை, இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கொண்டுபோங்கள். ஒன்றில் பழக்கத்தால் வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் இன்னொன்று உங்களை நிறுத்தும்.

சிறையிலிருந்து எழுதியவன் சந்தோஷத்தைப் பற்றி இத்தனை முறை எழுதியிருக்கிறான் என்று யாரும் எங்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. வட்டங்கள் பக்கத்தில் கிடந்தன, நாங்களே பார்த்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் பவுல் பிலிப்பிக்குப் போன கதை, பைபிளில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 16ஆம் அதிகாரம். பிலிப்பி மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். இரத்தாம்பரம் என்ற ஊதா நிறத் துணி விற்ற லீதியாள், நடு ராத்திரியில் பவுலும் சீலாவும் சிறையில் பாடியது, பயந்துபோன சிறைச்சாலைக்காரன் எல்லாம் அந்த ஊர்க் கதைதான். கடிதத்தை முதலில் கேட்டவர்களில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான், வசனத்தில் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பழகுவதும் வகுப்பில் கிடைத்த பயிற்சி. யார் எதைச் சொன்னாலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த வசனத்துல இருக்கு?" முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. அப்புறம் நாங்களே ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

விளக்கவுரைகளை நாலாம் நாள் வரை திறக்கவிடவில்லை. நல்ல ஏற்பாடு. நான் நடத்திய முதல் வகுப்பில் இதைத் தளர்த்திவிட்டேன். பாதிப் பேர் போனைப் பார்த்துப் பதில் வாசித்தார்கள். மூன்றாம் அதிகாரத்தை எங்கள் குழு அவசரமாகக் கடந்தது. இரண்டாம் அதிகாரத்தின் 6 முதல் 11 வரையுள்ள வசனங்களுக்கு ஒரு வாரமே போதாது என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஆறாம் நாள் நாலாம் அதிகாரம். என் வசனம் வரும் நாள். அக்கா பலகையில் "எல்லாவற்றையும் என்றால் எதை?" என்று எழுதினார். பரீட்சை, வேலை, விளையாட்டு என்று பதில்கள் வந்தன. "சரி, முந்தின வசனத்தை வாசிங்க" என்றார். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." அதே வசனத்தில் திருப்தியும் பட்டினியும், பரிபூரணமும் குறைவும் வருகின்றன. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பிய உதவி வந்து சேர்ந்தது என்று பவுல் நன்றி சொல்கிற பகுதி அது. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தாங்கிக்கொள்ளப் பெலன் உண்டு என்கிறான். என் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பெயிலான பிறகு வாசிக்க வேண்டிய வசனத்தை நான் பாஸாவதற்காக வாசித்திருக்கிறேன்.

அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் தவறவிடாதீர்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் ஏதோ மனஸ்தாபம். என்ன சண்டை என்று பவுல் சொல்லவில்லை, யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. "எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்." இருவருக்கும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம். வினைச்சொல்லை இரண்டு தடவை போட்டிருக்கிறான், ஆளுக்கு ஒன்று. எங்கள் குழுவில் பாத்திரம் கழுவும் முறை பற்றி இரண்டு நாளாகப் பேசாமல் இருந்த இரண்டு பேர் அந்த வசனத்தில் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து கழுவினார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு சோர்வு வரும். அது எல்லாக் குழுவுக்கும் வருகிறது, பயப்பட வேண்டாம். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வைக்காதீர்கள், பேசாதவர்கள் கடைசி வரை பேசமாட்டார்கள். பென்சில் மட்டும் போதும். கலர் பேனா வாங்கினால் வட்டமிடுவதே வேலையாகிவிடும்.

அடுத்த விடுமுறைக்கு பைபிளில் இன்னொரு சிறு புத்தகமான யோனாவை எடுத்திருக்கிறோம். அதுவும் நாலே அதிகாரம், 48 வசனம். கடைசி வசனம் கர்த்தர் கேட்கும் ஒரு கேள்வி. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியில்லை.