ஐந்து ஏக்கர் வரம்பும் எங்கள் கூட்டுப் பட்டாவும்

2016 மே 23 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா, கூட்டுறவு வங்கிகளில் சிறு, குறு விவசாயிகள் வாங்கிய பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யும் கோப்பில் அன்றே கையெழுத்திட்டார். அவ்வாண்டு மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கே அது பொருந்தும். முந்தைய சம்பாவுக்கு அப்பா வாங்கிய கடன் அப்படியே நின்றது. அவருடைய நிலமோ 2 ஏக்கர் 40 சென்ட்தான். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி என்பதால் எங்களுக்கு ஐயமே எழவில்லை.

ஆனால் கடன் சங்கத்தில் பட்டியல் தயாரானபோது அப்பாவின் பெயர் அதில் இல்லை. காரணம் கேட்டதற்குச் செயலாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் பெயருக்கு நேரே, நிலப்பரப்பு என்ற கட்டத்தில், 7.20 என்று நீல மையில் எழுதியிருந்தது. அது பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவர் பெயரிலும் உள்ள கூட்டுப் பட்டாவின் மொத்தப் பரப்பு. தாத்தா இறந்த பிறகு வரப்பு போட்டு, பாகம் பிரித்து, இருபது ஆண்டுகளாகத் தனித்தனியே உழுதுவந்தும், தாளில் நாங்கள் பிரியவே இல்லை.

"வி.ஏ.ஓ.விடம் பாகத்துக்குச் சான்று வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆண்டுதோறும் கிராம நிலக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நேரம் என்பதால் கிராம நிர்வாக அலுவலர் ஊரில் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த எழுத்தர் மனுவைப் படிக்காமலேயே திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனபோது பங்காளிகள் மூவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால், அறுபத்தெட்டு வயதில் அப்பா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மர பெஞ்சில் இரண்டு முழு நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா இரவுப் பேருந்தில் வந்து கையெழுத்திட்டுவிட்டு அன்றே திரும்பினார். அதன்பின் சான்று இரண்டே நாளில் கிடைத்தது.

இத்தகைய நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பட்டியல் வரும்வரை காத்திராமல், சங்கப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு பரப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் சிட்டாவோடு, உங்கள் பாகத்தில் நீங்கள்தான் சாகுபடி செய்கிறீர்கள் என்பதைக் காட்டும் அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

எங்கள் பக்கத்து வயல்காரர், உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியில்லை என்பதற்காக, மார்ச் மாதமே வெளியில் கைமாற்று வாங்கிக் கடனை அடைத்திருந்தார். நாணயமாக நடந்துகொண்ட அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி இல்லை. அவருக்குச் சொல்ல எங்களிடம் எந்த வழியும் இல்லை.

திருத்திய பட்டியலில் அப்பாவின் பெயரும், அதற்கு நேரே 2.40 என்ற எண்ணும் இருந்தன. கடன் தீர்ந்ததற்கான சான்றை வாங்கிய கையோடு, உட்பிரிவு செய்து தனிப்பட்டா தரக் கோரி மூவரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம்.