யார் இந்த அம்மா?

2008 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. அப்போது ஓஹயோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் டேட்டன் நகரிலிருந்து நேரலை. அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான ஜான் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளரை மேடைக்கு அழைத்தார். எதிரே இருந்த குடியரசுக் கட்சிக்கார நண்பர், பாதி கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "யார் இந்த அம்மா?" என்று கேட்டார். அதுவும் என்னிடம்!

சாரா பேலின் அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.) அதற்கு முன் வசில்லா என்ற சிற்றூரின் மேயர். ஆனால் 2006இல், பதவியிலிருந்த ஆளுநர் ஃபிராங்க் மர்கோவ்ஸ்கியைச் சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே வீழ்த்தியவர். அந்தத் துணிச்சலை இன்றும் மதிக்கிறேன்.

ஐந்து நாள் கழித்து, செயின்ட் பால் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் அவர் பேசியதை வீட்டில் கண்கொட்டாமல் பார்த்தேன். குரலில் துளி நடுக்கமில்லை. அரங்கமே எழுந்து நின்றது.

செப்டம்பர் கடைசியில் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் அவரை எடுத்த பேட்டி. எந்தெந்த நாளிதழ்களைப் படிப்பீர்கள் என்ற எளிய கேள்விக்கு ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாமல் அவர் தடுமாறியபோது எனக்கு நெஞ்சு கனத்தது. கோபமோ மெக்கெய்ன்மீதுதான் வந்தது. இவ்வளவு பெரிய பொறுப்புக்கு ஒருவரை இப்படி அவசர அவசரமாகவா இழுத்து வந்து நிறுத்துவது?

நவம்பரில் வாக்களித்துவிட்டு வந்த அந்த நண்பர், யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. "அந்த அம்மாவுக்கு இன்னும் நாலு வருடம் கொடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.