விரலுக்கு விரல் துணி

ஏப்ரல் 15, 2020
அண்ணன் மகள் இப்போதுதான் தூங்கினாள். வலது கை முழுக்கக் கட்டு.

ஏப்ரல் 16
நேற்று அப்பாவுக்குத் தொண்டை கரகரப்பு. இருமினாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கிற கொரோனா காலம். நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, கூடத்தில் முக்காலி மேல் சட்டியை வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்க உட்கார்ந்தார். தாத்தா கூடாரம் போட்டிருக்கிறார் என்று இவளும் உள்ளே புகுந்துவிட்டாள். சட்டி அப்படியே கையில் சாய்ந்துவிட்டது.

அண்ணி தூக்கிக்கொண்டு ஓடிக் குழாயடியில் கையைக் காட்டியவள், இருபது நிமிஷம் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஆயா இங்க் புட்டியோடு வந்தது. எதிர்வீட்டில் டூத்பேஸ்ட் கொண்டுவந்தார்கள். யாரையும் கிட்டே விடவில்லை அண்ணி. குடியாத்தத்தில் டாக்டர் முதலில் கேட்டதே "தண்ணி ஊத்துனீங்களா?" என்றுதான். பிள்ளைகளுக்குத் தோல் மெல்லிசு, நமக்குக் கொப்புளத்தோடு போகிற சூடு அவர்களுக்கு ஆழமாக இறங்கிவிடுமாம்.

ஆவி பிடித்தால் இந்தக் கிருமி சாகாது என்றும் சொன்னார். அப்பாவிடம் இதை நான் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 17
அப்பா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 18
கட்டு பிரித்தார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் பார்த்தேன். நர்ஸ் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வாசலின் துணியைச் சுற்றி, இரண்டு விரலுக்கு நடுவிலும் ஒரு துண்டு செருகினார். "இது இல்லாம கட்டுனா ஆறும்போது விரலோட விரல் ஒட்டிக்கும்மா." அப்போதிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரித்து, மடக்கி.

மூன்று வாரத்துக்குள் தானாக ஆறினால் சரி. இல்லையென்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், அதற்கு வேலூர் போக வேண்டும். மூன்று வாரம் என்றால் மே 6.

ஏப்ரல் 21
ரோட்டில் ஈ காக்கை இல்லை. கட்டுப் போடுகிற அறை வாசலில் மட்டும் பிள்ளைகள். மொட்டைமாடியில் பட்டம் விட்டு விழுந்தவன் ஒருவன். ஸ்ப்ரைட் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த இன்னொருவன். அவனுக்கு உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் திரும்பி மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும் என்று டாக்டர் கத்தினார். அவன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் இல்லை, அங்கன்வாடி இல்லை, நாள் முழுக்க அடுப்பும் பிள்ளையும் ஒரே கூரைக்குள். டிவியில் தினமும் எண்ணிக்கை சொல்கிறார்கள், இந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. யாராவது ஒரு நிமிஷம் சொன்னால் போதுமே, சுட்டால் தண்ணீர், மண்ணெண்ணெய் குடித்தால் வாந்தி எடுக்க வைக்காதே என்று.

ஏப்ரல் 23
பெங்களூரிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். கையைக் காட்டு என்றான். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 26
தமிழ்நாடு-ஆந்திரா எல்லையில், சைனகுண்டாவில் ரோட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஹாலோ பிளாக், ஐந்தடி உயரம், மூன்றடி அகலம். பொன்னை பக்கமும் ஒன்றாம். போட்டோ வந்தது, சிமெண்ட் இன்னும் ஈரமாக இருக்கிறது. நாளைக்குக் கட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். காய்ச்சலைத் தடுக்க என்கிறார்கள். சரி, பிரசவ வலி வந்தவள் எந்தப் பக்கம் போவாள்? ரேஷனுக்கும் ஓட்டுக்கும் நாங்கள் ஆந்திரா, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எங்களுக்கு எப்போதும் குடியாத்தம்தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஏப்ரல் 27
இங்கேயே சுகாதார நிலையத்துக்குப் போனோம். சிஸ்டருக்குத் தமிழ் வராது. "வேள்ளு விடிவிடிகா கட்டண்டி", விரல்களைத் தனித்தனியாகக் கட்டுங்கள் என்று தெலுங்கில் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெலுசம்மா, தெலுசு", தெரியும்மா என்று சிரித்தார். விரலுக்கு விரல் துணி வைத்துத்தான் கட்டினார். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் மறுபடி எண்ணிப் பார்த்தேன். நான்கு இடுக்கிலும் இருக்கிறது.

ஏப்ரல் 29
சுவரை இடித்துவிட்டார்களாம். போலீஸ் நிற்கிறது, ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினால் விடுகிறார்கள்.

மே 1
கட்டைவிரல், ஆள்காட்டி விரல் எல்லாம் ரோஸ் நிறத்தில் புதுத்தோல். முழங்கைப் பக்கம் ஆறியேவிட்டது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் மட்டும் இன்னும் வெள்ளை. வெள்ளை இருக்கிற இடம்தான் ஆழம் என்றார் டாக்டர்.

அந்தச் சட்டியைக் காணோம். அப்பா மாட்டுக்கொட்டகையில் படுக்கிறார். இவள் போய்ப் போய்க் கூப்பிடுகிறாள், "தாத்தா, கூடாரம்?"

மே 2
சுண்டு விரல். சுண்டு விரல்.

மே 4
இந்தப் பக்கம் ஒயின் ஷாப் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரப்பு வழியாக வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளையின் கைக்கு நாங்கள் செக்போஸ்ட்டில் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோம். வயிறு எரிகிறது.

மே 5
நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு. காரில் டிரைவரோடு இரண்டு பேர்தான் போகலாம். நானும் அண்ணியும் என்றுதான் இருந்தது. சாயந்திரம் அப்பா கொட்டகையிலிருந்து வந்து, "நான் தூக்கிக்கிறேன், அவ எங்கிட்ட அழமாட்டா" என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். ஆதார், சீட்டு, மாற்றுத்துணி எல்லாம் பையில் வைத்தாயிற்று. டாக்டரிடம் சுண்டு விரலைக் கேட்கச் சொல்லி அண்ணியிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.