செப்டம்பர் 22-க்கு முன்னும் பின்னும்: ஒரு பில்லிங் மென்பொருள் குழுவின் திட்டக் குறிப்புகள்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஜிஎஸ்டி சீர்திருத்தம் தீபாவளிக்குள் வரும் என்று பிரதமர் சுதந்திர தின உரையில் அறிவித்ததிலிருந்து, எங்கள் மென்பொருள் எப்போது தயாராகும் என்ற கேள்விதான் விற்பனைக் குழுவிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. இந்தக் காலாண்டின் ரோட்மேப்பில் ஏற்கெனவே மூன்று வேலைகள் உள்ளன: பண்டிகைச் சலுகைகள், கிளைகளுக்கிடையே சரக்கு மாற்றம், வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதி. இவற்றுள் சலுகைகளுக்கு மட்டுமே உண்மையான கெடு உண்டு. பண்டிகை வியாபாரம் சூடுபிடித்த பிறகு எந்த ஜவுளிக்கடைக்காரரும் பில்லிங் கணினியில் கைவைக்க விடமாட்டார். மற்ற இரண்டும் நாங்களாகக் குறித்துக்கொண்ட தேதிகள். அவற்றின் தேதிகளை இன்று நீக்கிவிட்டு, 'அடுத்து', 'பிறகு' என்ற வரிசையில் மட்டும் வைத்தோம்.

வரி விகிதங்களும் தெரியாது, அமலாகும் நாளும் தெரியாது. ஆனால் எது வந்தாலும் ஒரே பொருளுக்குப் பழைய விகிதமும் புதிய விகிதமும் அவற்றுக்குரிய தேதிகளோடு இருந்தாக வேண்டும் என்பது உறுதி. அந்த வேலையை இன்றே தொடங்கிவிட்டோம்.

4 செப்டம்பர், வியாழன்

நேற்றைய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் நாள் தெரிந்துவிட்டது. தீபாவளி அக்டோபர் 20. அமலாவதோ செப்டம்பர் 22. பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய், 5-உம் 18-உம் நிற்கின்றன. ஒரு சிலவற்றுக்கு 40.

"கிளைச் சரக்கு மாற்றத்தை இந்த மாதமே தருவதாக இரண்டு பெரிய கடைகளுக்குச் சொல்லியாகிவிட்டது மேடம்" என்றார் விற்பனைப் பொறுப்பாளர். இன்றே அவர்களை அழைத்து, அது தீபாவளிக்குப் பிறகுதான் என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள் என்றேன். முன்கூட்டிச் சொன்ன தாமதத்தை வியாபாரிகள் பொறுத்துக்கொள்வார்கள். கடைசி நாளில் கேட்கும் தாமதத்தை அவர்கள் மன்னிப்பதில்லை, மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

22 என்பது அரசின் கெடு. எங்கள் கெடு அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. இணையம் விட்டுவிட்டு வரும் கடைகளுக்கும் புதிய பதிப்பு போய்ச் சேர நாள்கள் பிடிக்கும். ஆனால் முறையான அறிவிக்கை இன்னும் வெளியாகாததால் விகிதப் பட்டியலை இப்போதே முடிவு செய்யவும் இயலாது. ஆகவே இரண்டையும் பிரித்தோம்: மென்பொருள் நிரலை 12-ஆம் தேதியோடு ஃப்ரீஸ் செய்து, அதாவது இனி மாற்றமில்லை என்று நிறுத்தி, அனுப்பிவிடுவது, பட்டியலை மட்டும் தனிக் கோப்பாகக் கடைசி வரை திறந்து வைப்பது. நெகிழ்வு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அதை அனுமதித்தால் தேதியைக் காப்பாற்ற முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆடைகளில்தான் சிக்கல். ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2,700 ரூபாய்ச் சட்டைக்குப் பில்லில் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் மதிப்பு 2,430 ஆகி, வரி அடுக்கே மாறிவிடுகிறது. எனவே சலுகைகளைத் தள்ளிப்போட வழியில்லை; வரியோடு சேர்த்தே டெஸ்டிங் செய்தாக வேண்டும். சதவீதத் தள்ளுபடியையும் தொகைத் தள்ளுபடியையும் வைத்துக்கொண்டு, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வகையை நீக்கினோம். அதை எழுதிக்கொண்டிருந்தவருக்கு வருத்தம்தான், நியாயமான வருத்தம்.

14 செப்டம்பர், ஞாயிறு

நிரல் வெள்ளியன்றே போய்விட்டது. தேதியைக் காப்பதில் எனக்கு முன்மாதிரி உபுண்டு என்ற கணினி இயங்குதளம். 2004 முதல் அதன் புதிய பதிப்பு ஏப்ரல், அக்டோபர் என்று நாள் தவறாமல் வருகிறது. தயாராகாத வசதி அடுத்த பதிப்புக்குப் போகும். 2006-இல் ஒரு பதிப்பை மட்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளினார்கள். பல ஆண்டுகள் ஆதரவு தர வேண்டிய பதிப்பு அது என்பதால் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொண்டார்கள். தேதியை எதற்காக விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவர்கள் தெளிவாக வைத்திருந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

18 செப்டம்பர், வியாழன்

அறிவிக்கை நேற்று வெளியானது. வரி ஆலோசகர் எச்எஸ்என் குறியீடு (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) வாரியாகச் சரிபார்த்தபின் பட்டியல் இன்று மாலை கடைகளுக்குப் போனது.

23 செப்டம்பர், செவ்வாய்

நேற்று புதிய விகிதங்கள் தாமாக அமலாயின. சென்ற வாரம் 18 சதவீதத்தில் விற்ற ஷாம்பூ இன்று திரும்பி வந்தால், கிரெடிட் நோட் (திரும்பிய பொருளின் தொகையை வரவு வைக்கும் சீட்டு) பழைய 18-இலேயே போக வேண்டும். தேதிவாரி அமைப்பு அதைச் சரியாகச் செய்கிறது.

அடுத்த ரோட்மேப்பில் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. விற்காத பழைய சரக்கின் மீது திருத்திய எம்ஆர்பியை ஒட்டிக்காட்ட உற்பத்தியாளர்களுக்கு டிசம்பர் 31 வரை அனுமதி இருப்பதால், ஒரே பார்கோடுக்கு இரண்டு விலைகள் கடைகளில் புழங்கும். அதைக் கையாளும் திரையை நவம்பரில் தந்தால் பாதிப் பயன் போய்விடும். எனவே கிளைச் சரக்கு மாற்றத்துக்கு முன்னால் இதை வைத்து, அக்டோபர் முதல் வாரம் என்று நாள் குறித்தோம். காத்திருக்கும் இரண்டு கடைகளுக்கும் இந்த வரிசை மாற்றத்தை நாளை நானே நேரில் சொல்லப் போகிறேன்.